தூக்கமின்மையால் எதிர்வினை நேரம் எவ்வளவு கூடுகிறது என்று கணிக்கும் என் கணினி மாதிரியில், காஃபின் சேர்த்ததும் அந்த நேரம் நம்ப முடியாதபடி 120 மில்லிவினாடிக்கு இறங்குவது ஏன்?

காஃபினின் பலனைக் கழிக்காதீர்கள், பெருக்குங்கள். 200 மில்லிகிராமுக்கு நிலையான ஓர் எண்ணைக் கழித்திருக்கிறீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் அது கழிகிறது, அதான் 120.

மூளையில் தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற வேதிப்பொருள் உட்காரும் இடத்தைக் காஃபின் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தூக்கக் கடன் (சேர்ந்துபோன தூக்கக் குறைவு) இல்லாதவரிடம் அதற்குப் பெரிய வேலை இல்லை. எனவே தூக்கமின்மையால் கூடிய தாமதத்தை மட்டும் பிரித்து 1/(1+க) ஆல் பெருக்குங்கள். 'க' என்பது காஃபினின் பலத்தைக் குறிக்கும் எண்; அது டோஸுக்கு ஏற்ப ஏறி, நேரத்தோடு அடுக்குக்குறியாகத் தேயட்டும்.

சரிபார்க்க, டோஸை 0 ஆக்கி ஓட்டுங்கள். காஃபின் சேர்க்காத பழைய வளைவு அச்சாக வரவேண்டும். அப்புறம் 24 மணி நேர விழிப்பில் 200 மில்லிகிராம் கொடுங்கள். வளைவு இறங்கி, மெல்லப் பழைய கோட்டை நெருங்கணும், தாண்டக் கூடாது.

காஃபினின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சராசரியாக 5 மணி நேரம்தான். புகைப்பவர்களுக்குக் குறையும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு நீளும். தனி ஒருவர் வண்டி ஓட்டலாமா என்று இந்த மாதிரியை வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.