"லைனே போச்சு" என்கிறார் பிளம்பர், 90 ஆயிரம் கேட்கிறார்

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீடு. 2003இல் கட்டியது, கீழும் மாடியும். மாடிக் குளியலறையில் ஷவரும் குழாயும் நூல் மாதிரி வருகின்றன. அதற்குக் கீழே ஹால் சீலிங்கில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். போனில் நம்பர் தேடிக் கூப்பிட்டோம். வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "லைனே போச்சுங்கம்மா, எல்லாத்தையும் மாத்தணும்" என்று 90 ஆயிரம் சொன்னார். சாமானை அவரே எடுத்து வருவாராம், முன்பணம் 40 ஆயிரம் வேண்டுமாம். ஏற்காட்டில் என் தம்பி வீட்டில் குழாயைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கோளாறு. அவர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு ஒரே விலை சொல்லியிருக்கிறார். சுவருக்குள் பைப் உடைந்து, அதனால் ஷவரில் வேகம் குறைகிறது என்றால் சீலிங்கில் தட்டு அளவு ஈரத்தோடா நிற்கும்? ஹாலில் அண்டா வைக்க வேண்டியிருக்கும். மோட்டாரையும் வழக்கத்தைவிட அடிக்கடி போட்டிருப்பீர்கள். அப்படி ஒன்றும் நீங்கள் எழுதவில்லை.

முதலில் வேகம். குழாயின் மூக்கில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும், கையாலேயே திருகிக் கழற்றலாம். கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் உங்கள் 'லைன்' பிழைத்துக்கொண்டது. நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கல் வெட்டுகிற மலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கல்லில் இருப்பது மக்னீசியம். அதுவும் சுண்ணாம்பும் பாறை இடுக்கில் ஊறிய நீரில் கரைந்து வருவதைத்தான் உப்புத் தண்ணீர் என்கிறோம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. மேட்டூர் காவிரித் தண்ணீர் மட்டும் பிடிக்கிற வீட்டில் சல்லடை இவ்வளவு சீக்கிரம் அடைக்காது. சல்லடையையும் ஷவர் தலையையும் ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள்.

அதிலும் சரியாகவில்லையென்றால் மொட்டை மாடிக்குப் போய், டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள பித்தளை கேட் வால்வைப் பாருங்கள். இருபது வருடத்து வால்வில் கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு ஏறாது. பார்க்கிறவர் வால்வு திறந்திருக்கிறது என்றே நினைப்பார். அதற்குப் பதில், உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் பால் வால்வு (ball valve) ஒன்று போடுவது ஒரு மணி நேர வேலை.

இன்னொன்று, உயரம். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ பிரஷர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம். உங்கள் டேங்கின் அடி, மாடி ஷவருக்கு மேலே ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு கிலோவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு கடையில் காட்டுகிற அகல ஷவரைப் போட்டால் அது அழத்தான் செய்யும். பைப் மாற்றினாலும் டேங்க் உயரப் போவதில்லை. பிரஷர் பம்ப் போடச் சொல்லி யாராவது வருவார்கள். கசிவு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அதை மாட்டினால் இப்போது கசியும் இடம் நாளைக்குப் பீய்ச்சும்.

தம்பி வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டுக் கணக்கே வேறு. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற பிளம்பர்கள் பலர் அங்கேயும் சேலத்து வேலையே செய்துவிட்டு இறங்குகிறார்கள். அங்கே டேங்க் வீட்டுக்கு மேலே இருப்பதில்லை, பல இடங்களில் சரிவின் மேலே எங்கோ இருக்கிறது. 25 மீட்டர் ஏற்றத்தில் இருந்தால் இரண்டரை கிலோ பிரஷர், உங்கள் ஷவருக்கு வருவதைப்போலப் பதினாறு மடங்கு. ராத்திரி யாரும் குழாயைத் திறக்காதபோது அந்த முழு அழுத்தமும் வால்விலும் வாஷரிலும் உட்கார்ந்திருக்கும். விடியற்காலையில் கழிவறை ஹோஸ் வெடித்து அறை முழுக்கத் தண்ணீர் நிற்பது அதனால்தான். அங்கே மாதாமாதம் வாஷர் மாற்றுவது வீண். வீட்டுக்குச் சற்று மேலே சின்ன டேங்க் ஒன்றை வைத்து, தண்ணீரை அதில் விழவிட்டு அங்கிருந்து வீட்டுக்கு எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரஷரைக் குறைக்கும் வால்வு போட வேண்டும். அடுத்து நான் சொல்லப்போகிற சாக்பீஸ் சோதனையும் அங்கே அப்படியே பொருந்தாது. சரிவில் புல்லுக்குள் ஓடும் கறுப்பு ஹோஸ் எங்கே கசிந்தாலும் டேங்க் இறங்கிவிடும். வீட்டு வாசலில் ஒரு வால்வு வைத்து அதை மூடியும் திறந்தும்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். தம்பியிடம் சொல்லுங்கள். சரி, கன்னங்குறிச்சிக்கு வருவோம்.

ஈரத்துக்கு இந்தச் சோதனை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, ஃபிளஷ் டேங்குக்குத் தண்ணீர் போகும் இடத்தில் சுவரில் உள்ள சின்ன வால்வை (ஆங்கிள் காக்) மூடுங்கள். இதை மறந்தால் சோதனையே பொய்யாகிவிடும், ஃபிளஷ் ஒழுகுவதையெல்லாம் பைப்பின் தலையில் போடுவோம். மேல் டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மோட்டாரைத் தொடாதீர்கள். காலையில் கோடு அப்படியே இருந்தால் தண்ணீர் வரும் பைப்பில் கசிவு இல்லை, 90 ஆயிரமும் இல்லை. ஆயிரம் லிட்டர் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் போயிருக்கிறது. அப்போது அடுத்த ராத்திரி டேங்க் வால்வை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். மூடினால் நிற்கிறது, திறந்தால் இறங்குகிறது என்றால் கசிவு பைப்பில்தான்.

கோடு நகரவில்லையா? அப்படியானால் குளிக்கிற தண்ணீர்தான் இறங்குகிறது. தரைச் சல்லடை ஓட்டையைத் துணி சுற்றிய பிளாஸ்டிக் பையால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள், அன்றைக்குக் கீழே குளித்துக்கொள்ளலாம். ஈரம் பரவினால் டைல்ஸ் இடுக்கு. பரவாமல் இருந்து, அடைப்பை எடுத்த பிறகு பரவினால் சல்லடைக்குக் கீழே கழிவுநீர் இறங்கும் வளைவான ட்ராப்பும் அதன் ஜாயின்ட்டும். இரண்டுமே ஓரிரு நாள் வேலைதான்.

இதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள்: டைல்ஸில் படியும் வெள்ளைக் கறைக்கு ஆசிட் ஊற்றுகிறீர்களா? நம் ஊரில் ஊற்றாத வீடு குறைவு. கறையோடு சேர்த்து டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டையும் ஆசிட் தின்றுவிடும். ஷவரை அடைத்ததும் அதே உப்பு, அதைக் கழுவப் போய் இடுக்கைத் திறந்ததும் அதே உப்பு. உங்கள் வீட்டுக் கதை பெரும்பாலும் இதுதான் என்பது என் ஊகம்.

இப்போது அந்த 40 ஆயிரம். போனில் பேசியவரும் வீட்டுக்கு வந்தவரும் ஒரே ஆள்தானா என்று கவனித்தீர்களா? நம்பரை வைத்திருப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர். முன்னவருக்கு ஒரு பங்கு போன பிறகுதான் பின்னவருக்குக் கூலி. ஆகவே பின்னவர் சின்ன வேலையைச் சின்ன வேலை என்று சொல்ல முடியாது, கட்டுப்படியாகாது. அப்புறம் சாமான். ஹார்டுவேர் கடையில் பிளம்பருக்குக் கமிஷன் உண்டு, சில கம்பெனிகளே பாயிண்ட் தருகின்றன. அதைக்கூட மன்னிக்கலாம். பைப்பைத் திருப்பும் எல்போ நாலு போதுமான இடத்துக்குப் பத்து எல்போ வருவதும், மிச்சம் அவர் வண்டியிலேயே திரும்பிப் போவதும்தான் எனக்கு ஆகாது. சாமான் எழுதித் தரச் சொல்லி நீங்களே போய் வாங்குங்கள். பைப்பின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும் அச்சாகி இருக்கும்: சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சி.பி.வி.சி.க்கு 15778, சாதா வெள்ளை பி.வி.சி.க்கு 4985. கீஸர் லைனில் 4985 வந்தால் திருப்பி அனுப்புங்கள், சூடு தாங்காது. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். பில் இல்லையென்றால் நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டில் காட்ட உங்கள் கையில் என்ன இருக்கும்?

எனக்கு எரிச்சல் வருவது இன்னொரு இடத்தில். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படிப்பு ஒரு வருடம் சொல்லித் தருகிறார்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை, அது இருப்பதால் அவருக்குக் கூலியும் கூடுவதில்லை. வீட்டு வரைபட அனுமதிக்குக் கட்டுக் கட்டாகத் தாள் கேட்கிறார்கள். சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாள் கேட்டால் என்ன? அது இருந்தால் பாதி வீடுகளில் உடைக்கிற வேலையே இருக்காது.

காலையில் முதல் குவளைத் தண்ணீர் செம்பழுப்பாக வந்தால் மட்டும் கதை மாறும். உள்ளே இருப்பது ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய இரும்பு பைப், துரு பிடித்துவிட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் சுவரை உடைக்க விடாதீர்கள். பழையதை அங்கேயே விட்டுவிட்டு, வெளிச்சுவர் மேல் புதிதாக சி.பி.வி.சி. ஓட்டி, வெயில் படும் இடத்தில் தண்ணீரில் கலக்கும் பெயின்ட் அடித்தால் போதும். செலவும் இடிபாடும் வெகுவாகக் குறையும்.

எந்த வேலையாக இருந்தாலும் கூலியை மட்டும் தனியாகப் பேசுங்கள். மூன்றில் ஒரு பங்கு வேலை தொடங்கும்போது, ஒரு பங்கு பைப் மாட்டியதும், கடைசிப் பங்கு மறுநாள். ஜாயின்ட்டில் தடவிய பசை (சொல்யூஷன்) இறுக ஒரு ராத்திரி வேண்டும், அதற்குள் தண்ணீர் விட்டுக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வந்தவரிடம், "சாமான் நாங்க வாங்கித் தர்றோம், கூலி மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சம்மதித்தால் அவரையே வைத்துக்கொள்ளலாம். போனை எடுக்காமல் போனால் அடுத்த தெருவில் கேளுங்கள், பத்து வருடமாக ஒரே ஆளைக் கூப்பிடுகிற வீடு ஒன்று கட்டாயம் இருக்கும்.