கம்பெனி செலவில் சேரும் பாயிண்ட்ஸ் யாருக்கு?

அலுவலகத்துக்கு வேண்டிய காகிதம், டோனர், டீத்தூள் எல்லாவற்றையும் என் சொந்த கிரெடிட் கார்டில் வாங்குகிறேன். மாதக் கடைசியில் கம்பெனி பணத்தைத் தந்துவிடும். அதில் சேரும் ஈபக்ஸை (எஃப்என்பி வங்கி தரும் பாயிண்ட்ஸ்) நான் வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்)

வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து, அக்கா. கார்டு உங்கள் பெயரில் இருக்கிறது. கம்பெனி பணம் தரத் தாமதித்தால் வட்டி கட்டப்போவதும் நீங்கள்தான். ஆனால் உங்கள் கம்பெனியின் செலவு விதிகளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். மேலாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். வாய்ப்பேச்சு போதாது, மேலாளர்கள் மாறுவார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பக்கத்துக் கடையில் 900 ரேண்டுக்குக் கிடைக்கும் டோனரை, பாயிண்ட்ஸ் கூடக் கிடைக்கிறது என்று வேறு கடையில் 1,050 கொடுத்து வாங்கினால், அந்த 150 ரேண்ட் முதலாளியின் பணம். அங்கேதான் தப்பு தொடங்குகிறது. அப்புறம், பில் 5,000 ரேண்டைத் தாண்டினால் கம்பெனியின் பெயர், முகவரி, வேட் (மதிப்புக்கூட்டு வரி) எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் 15 சதவீத வேட்டைத் திரும்பப் பெறுவது சிக்கலாகும். உங்கள் பாயிண்ட்ஸுக்காக அவர்களுக்கு அந்த நஷ்டம் வரக்கூடாது.

அலுவலகச் சாமான் வாங்கும்போது, செக்கர்ஸ் கடையில் அவர்களுடைய எக்ஸ்ட்ரா சேவிங்ஸ் தள்ளுபடிக் கார்டைக் காட்டியதால் 400 ரேண்ட் சாமான் 340-க்கு வந்தது. கம்பெனியிடம் 400 என்று கேட்கலாமா?

கூடாது. கொடுத்தது 340, கேட்க வேண்டியதும் 340. டில்லிலேயே குறைந்த விலை பரிசு அல்ல, அதுதான் விலை. கூடுதலாகக் கேட்டால் அது பொய்க் கணக்கு. வேலையே போகக்கூடிய விஷயம்.

கம்பெனி கார்டில் பணம் கட்டும்போது பாயிண்ட்ஸ் சேர என் ஸ்மார்ட் ஷாப்பர் கார்டை (பிக் என் பே கடையின் பாயிண்ட்ஸ் கார்டு) ஸ்வைப் செய்யலாமா?

முதல் கேள்வியில் பணம் உங்களுடையது. இங்கே ஒரு சென்ட்கூட உங்களுடையது இல்லை. அனுமதி எழுத்தில் இல்லாதவரை செய்யாதீர்கள்.

சப்ளையர் ஒருவர், ஆர்டரை அவருக்கே கொடுத்தால் எனக்கு ஷாப்பிங் வவுச்சர் தருவதாகச் சொல்கிறார். இதுவும் கேஷ்பேக் மாதிரிதானே, அண்ணா?

இல்லை, தம்பி. கேஷ்பேக் கடைக்கு வரும் எல்லோருக்கும் கிடைப்பது. இது உங்கள் முடிவை வாங்குவதற்காக உங்களுக்கு மட்டும் நீட்டப்படுவது. தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் வேலைக்கும் பொருந்தும், கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகளே. மறுத்துவிட்டு, மறுத்ததை அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய பாயிண்ட்ஸை முதலாளி இப்போது சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார்.

அவர் நினைத்தபடி பிடிக்க முடியாது. 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட ஒரு கடனுக்கென்று நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், அல்லது சட்டமோ நீதிமன்ற உத்தரவோ அதை அனுமதித்திருக்க வேண்டும். கோபத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த விதியின்படி பிடிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆடி மாதக் கூழுக்கு மீலி (மக்காச்சோள) மாவும் காய்கறியும் கோயில் கமிட்டி பணத்தில் நான்தான் வாங்குகிறேன். அலைச்சல் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது. பாயிண்ட்ஸை வைத்துக்கொள்வதில் தப்பென்ன? (வாசகர், ஃபீனிக்ஸ்)

உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை, ஐயா. உங்களைப் போன்றவர்களால்தான் டர்பனில் கூழ் ஊற்றுவது நிற்காமல் நடக்கிறது. ஆனாலும் அந்தப் பணம் பாட்டிமார் தங்கள் பென்ஷனிலிருந்து முடிந்து வைத்துக் கொடுத்தது. கோயிலுக்குக் கொடுத்ததில் கிடைக்கும் எதுவும் கோயிலுக்கே போக வேண்டும். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே, ஒரு திட்டத்தின் பாயிண்ட்ஸை அந்தத் திட்டத்துக்குள் செல்லுபடியாகும் பரிமாற்றமாக ஏற்கிறது. அதனால் இதைச் சில்லறை விஷயம் என்று தள்ள முடியாது.

பெட்ரோலுக்குத் தனியாகக் கேளுங்கள், கமிட்டி கொடுக்க வேண்டும். கோயில் சாமானுக்கென்று தனியாக ஒரு கார்டு வைத்து, சேர்ந்த பாயிண்ட்ஸில் அடுத்த வருஷ மாவை வாங்குங்கள். அந்தத் தொகையையும் வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரியாகக் காட்டி, ஆண்டுக் கூட்டத்தில் வாசியுங்கள்.