இன்ஸ்பெக்டரிடம் நாலே கேள்வி போதுமா?

கேள்வி: தம்பி மீது அடிதடி வழக்கு. காயம்பட்டவர் (அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி) நீதிமன்றத்தில் 'அரிவாளால் வெட்டினான்' என்கிறார். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அரிவாள் பேச்சே இல்லை. அடுத்த வாய்தாவில் புலன் விசாரணை செய்த இன்ஸ்பெக்டர் சாட்சி சொல்கிறார். எங்கள் வக்கீலோ நாலு கேள்விதான் கேட்பேன் என்கிறார். போதுமா?

பதில்: அ.சா.1-ஐக் குறுக்கு விசாரணை செய்தபோதே அடித்தளம் போட்டிருந்தால் போதும். அவருடைய சாட்சியத்தின் நகலைப் பாருங்கள். 'அரிவாளால் வெட்டியதாகப் போலீஸ் விசாரணையில் நான் சொல்லவில்லை என்றால் சரியல்ல' என்பதுபோல, வக்கீல் எடுத்துச் சொன்னதை அவர் மறுத்த ஒரு வரி இருக்க வேண்டும். இருந்தால் இன்ஸ்பெக்டரிடம் ஒரே கேள்விதான்: 'அ.சா.1 உங்கள் விசாரணையில் அரிவாள் பற்றிச் சொல்லவில்லை, சரியா?' 'சரிதான்' என்று பதிவானதும் முரண் நிரூபணமாகிவிடும்.

அந்த வரி இல்லையென்றால், இன்ஸ்பெக்டர் கூண்டேறும் முன்பே அ.சா.1-ஐத் திரும்ப அழைக்க மனுப் போட வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 348, பழைய சட்டத்தில் 311). போலீஸ் வாக்குமூலம் தன்னளவில் சாட்சியம் ஆகாது. சாட்சியை முரண்படுத்தவே உதவும் (பிரிவு 181, பழைய 162). வாதத்தின்போது நகலைத் தூக்கிக் காட்டிப் பயனில்லை. சட்டையின் நிறம் விட்டுப்போனதையெல்லாம் துரத்தவும் வேண்டாம். ஆயுதமே விட்டுப்போனால்தான் கனம்.

அடுத்தது நேரம். புகார் பெற்றது எப்போது, முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டின் கைக்குப் போனது எப்போது? அறிக்கையில் மாஜிஸ்திரேட் குறித்துள்ள நேரத்தைப் பாருங்கள். 'ஏன்' என்று போலீசிடம் கேட்கக் கூடாது என்பது வக்கீல்களின் பாலபாடம். கேட்டால் விளக்கம் என்ற பெயரில் வழக்கின் ஓட்டையை அவரே அடைத்துவிடுவார். ஆனால் அறிக்கை போய்ச் சேர்ந்ததில் உள்ள தாமதத்தைப் பற்றி அதிகாரியிடம் எதுவுமே கேட்காமல் விட்டால், பிறகு அதை வைத்து வாதாட முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. அதனால் கேள்வியை இப்படி அமைக்கலாம்: 'இந்தத் தாமதத்துக்கான காரணத்தை எந்த ஆவணத்திலும் நீங்கள் எழுதவில்லை?' ஆவணங்களைப் படித்து, இல்லை என்று உறுதிசெய்த பிறகே கேட்க வேண்டும்.

அரிவாளைக் கைப்பற்றியதாக மகஜர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) இருந்தால், சாட்சிக் கையெழுத்து போட்டவர் யார், இடம் எல்லோரும் போய்வரும் இடமா, பொருள் நீதிமன்றத்துக்குப் போன தேதி என்ன என்பவை போதும். 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய சோதனை என்றால் பிரிவு 105-இன்படி வீடியோ எடுத்திருக்க வேண்டும், அதையும் கேட்கலாம்.

வழக்கு நாட்குறிப்பை (விசாரணை அதிகாரி அன்றன்று எழுதும் குறிப்பு) கேட்டு வாங்க உங்களுக்கு உரிமையில்லை. ஆனால் நினைவூட்டலுக்காக இன்ஸ்பெக்டர் கூண்டிலேயே அதைப் புரட்டினால், அவர் பார்த்த பகுதியை வக்கீல் கேட்டுப் பார்க்கலாம்.