விண்டோஸ் 11 போட்ட பிறகு டி டிரைவில் உள்ள ஃபோல்டர்கள் 'அனுமதி இல்லை' என்கின்றன. அட்மின் கணக்குதான். ஃபார்மட் செய்வதைத் தவிர வழி உண்டா?

உண்டு. தயவுசெய்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அப்படியே முழுசாக உள்ளே இருக்கின்றன.

எனக்கும் இதே நடந்தது. சி டிரைவை மட்டும் துடைத்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டேன். கணக்குக்கு அதே பெயர், அதே பாஸ்வேர்ட். டி டிரைவில் அம்மாவின் குரல் பதிவுகள் இருந்த ஃபோல்டரைத் தொட்டால் திறக்க அனுமதி இல்லை என்று வந்து நின்றது. அம்மா இப்போது இல்லை. அந்தப் பதிவுகளுக்கு வேறு நகலும் இல்லை. அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பத்து நிமிட வேலையில் எல்லாம் திறந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றுதானே, பிறகு ஏன் உங்களை அடையாளம் தெரியவில்லை? விண்டோஸ் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒரு கணக்கை உருவாக்கும்போதே அதற்கு நீளமான எண் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. எஸ்ஐடி என்பார்கள், பொதுவாக எஸ்-1-5-21 என்று தொடங்கும். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில், ஒரு கோப்பின் ஓனர் யார், யாரெல்லாம் திறக்கலாம் என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் பதிவாகிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவினால் எண்ணும் புதிது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தைப் பார்த்தால் 'அக்கவுன்ட் அன்னோன்' என்று ஒரு வரி இருக்கலாம். பயந்துவிடாதீர்கள், அந்த முகம் தெரியாத ஆள் பெரும்பாலும் பழைய நீங்கள்தான்.

சரி, திறப்பதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். இது அனுமதிப் பிரச்சினையா, என்கிரிப்ஷனா? இரண்டிலும் திரையில் வரும் செய்தி கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அனுமதி என்பது வாசலில் ஒட்டிய பெயர்ப்பட்டியல் மாதிரி, அட்மினால் மாற்றி எழுத முடியும். என்கிரிப்ஷனில் கோப்பின் உள்ளடக்கமே உருமாறிக் கிடக்கும். சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. திறக்காத கோப்பின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தில் உள்ள அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, என்கிரிப்ட் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிக் இருந்தால் அது இஎஃப்எஸ், அதாவது கோப்புகளைத் தனித்தனியாக என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி. அதற்கான சான்றிதழும் சாவியும் பழைய கணக்கின் ஃபோல்டருக்குள் இருந்தவை. என் நண்பர் ஒருவர் எப்போதோ அந்த டிக்கைப் போட்டுவிட்டு மறந்துபோனார், சி டிரைவை ஃபார்மட் செய்தார், சாவியின் நகல் எங்கேயும் இல்லை. மூன்று வருட ஆய்வுக் குறிப்புகள். கோப்புகள் கண்ணெதிரே இருந்தன, ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை. உங்களுடையதும் இஎஃப்எஸ் என்றால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். இருந்தால், முதல் வேலையாக அதில் உள்ள யூசர்ஸ் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். மேம்படுத்திய பத்து நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும். அந்த நகலும் பழைய பாஸ்வேர்டும் இருந்தால், விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு சாவியை மீட்க வாய்ப்பு இருக்கிறது.

டிரைவையே திறக்க விடாமல் 48 இலக்க எண்ணைக் கேட்டால் அது பிட்லாக்கர், அதாவது முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்யும் வசதி. அந்த எண், அதாவது ரெகவரி கீ, பல நேரம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், வேறு போனிலிருந்து உள்ளே போய்ப் பார்க்கலாம்.

இரண்டும் இல்லை என்றால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். ஃபோல்டரைத் திறக்கும்போது 'கன்டினியூ' பட்டன் வந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள், பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். முடியவில்லையா? ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். மேலே ஓனர் என்ற வரிக்குப் பக்கத்தில் 'சேஞ்ச்' இருக்கும். அதில் உங்கள் கணக்கின் பெயரைத் தட்டி, செக் நேம்ஸ் அழுத்தி, ஓகே கொடுங்கள். உடனே ஓனர் வரிக்குக் கீழே ஒரு கட்டம் தோன்றும், உள்ளே உள்ள ஃபோல்டர்களுக்கும் கோப்புகளுக்கும் ஓனரை மாற்றவா என்று. இதில் டிக் போட மறந்துவிட்டு, மேல் ஃபோல்டர் மட்டும் திறந்து உள்ளே எல்லாம் பூட்டிக் கிடக்கிறதே என்று தவிப்பவர்கள் நிறைய. அப்ளை செய்ததும் ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி திறந்து, அப்புறம்தான் அதே செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் பெயரைச் சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் கொடுக்க வேண்டும். கோப்புகள் அதிகம் என்றால் நேரம் பிடிக்கும். நடுவில் நிறுத்தாதீர்கள்.

அட்மினாக இருந்தும் ஏன் இத்தனை சுற்று என்று நீங்கள் கேட்கலாம். ஓனர் உரிமையைக் கையில் எடுக்கும் அதிகாரம்தான் அட்மினுக்கு உண்டு, எல்லாக் கோப்பும் தானாகத் திறக்கும் என்பதல்ல.

ஆனால் இந்த வேலையை உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் செய்யுங்கள். 'சி டிரைவ் முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்' என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள பல கோப்புகளின் ஓனர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற சிஸ்டம் கணக்கு. அதைக் கலைத்தால் அப்டேட்கள் நிற்கலாம், சிஸ்டமே எழும்பாமல் போகலாம். அதேபோல சி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' திறக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது ஃபோல்டரே இல்லை, பழைய மென்பொருள்களுக்காக வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகை. உங்கள் கோப்புகள் யூசர்ஸ் ஃபோல்டரில் இருக்கும்.

எதையும் துடைக்காமல், 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றியவர்களுக்கு எஸ்ஐடி மாறாது. அவர்களுக்குக் கோப்பு திறந்தாலும் சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்கலாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்க 2017-இல் வந்த வசதி அது. முழுசாக அணைக்காமல், நம்பகமான செயலியை மட்டும் அதன் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது நல்லது.

திறந்ததும் அன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நான் அம்மாவின் பதிவுகளை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த தனி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். அந்த முறையில் ஓனர் விவரம் எதுவும் பதிவாகாது, அதனால் எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பதால் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.