‘லைசென்ஸ் இருக்கு’ என்றால், எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள்

கேள்வி: திருச்சி உறையூரில் குடியிருக்கிறோம். மகளுக்கு 14 மாதம். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். வேலை முடிந்து வர மாலை 6.30 ஆகிவிடும். தில்லை நகரில் ஒரு டே கேர் பார்த்தோம். மாதம் 7,000 ரூபாய், அட்மிஷன் 12,000, ஆறு மணிக்கு மேல் அரை மணிக்கு 100 ரூபாய். ‘கவர்மென்ட் லைசென்ஸ் இருக்கு’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ஒரு தாளைக் காட்டினார்கள். அதன் படத்தை இணைத்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஓர் அக்கா தன் வீட்டில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார், 4,000 ரூபாய். அவரிடம் எந்தத் தாளும் இல்லை. எதை நம்பிக் குழந்தையை விடுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது உத்யம் பதிவுச் சான்று. சிறுதொழில் நடத்துகிறவர் இணையத்தில் தானே விவரங்களை நிரப்பிப் பெற்றுக்கொள்வது. மாவு மில்லுக்கும் அதே சான்றுதான், தையல் கடைக்கும் அதே சான்றுதான். அதைக் கொடுப்பதற்காக எந்த அதிகாரியும் அந்தக் கட்டடத்துக்கு வந்து மாடிப்படியைப் பார்த்ததில்லை, கழிப்பறையைப் பார்த்ததில்லை. தாள் பொய்யில்லை. ஆனால் அதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கான அனுமதி என்று காட்டுவது உங்களை ஏமாற்றுவதுதான்.

இங்கே பெற்றோர் பலரும் தடுமாறுகிறார்கள். ஓட்டுநர் உரிமம் மாதிரி ‘டே கேர் லைசென்ஸ்’ என்று ஒரே ஒரு அட்டை இருக்கும், அது இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பல சான்றுகள் சேர்ந்துதான் ஓர் இடத்தை நம்பத்தக்கதாக்குகின்றன. பிளே ஸ்கூல் நடத்துகிறார்கள் என்றால், தமிழ்நாட்டில் 2015-இல் வந்த மழலையர் விளையாட்டுப் பள்ளி விதிமுறைகள்படி கல்வித் துறையின் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். சமைத்துச் சோறு போடுகிற இடமானால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் இருக்க வேண்டும். அந்த எண் 14 இலக்கம் கொண்டது. மாநகராட்சி வர்த்தக உரிமம், வெளியூர்ப் பெரிய நிறுவனத்தின் கிளை என்று சொல்லும் சான்று, ஐ.எஸ்.ஓ. முத்திரை இவையெல்லாம் கூடுதலாக இருக்கலாம். அவற்றை மட்டும் காட்டினால் போதாது.

ஒவ்வொரு தாளிலும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, எந்த முகவரிக்கு, எந்தத் தேதி வரை. முகவரியைக் குறிப்பாகச் சொல்கிறேன். பழைய கட்டடத்துக்கு வாங்கிய சான்றைப் புதிய கட்டடத்தில் மாட்டி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தீயணைப்புச் சான்றைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். திருச்சிக்காரர்களுக்குக் கும்பகோணம் தூரமில்லை. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் சமையற்கூடத்திலிருந்து கூரைக்குத் தீ தாவி 94 குழந்தைகள் போனார்கள். அதனால், நீங்கள் பார்க்கிற இடத்தில் அடுப்பு எங்கே இருக்கிறது, வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா, தூங்கும் அறைக்கதவு வெளியே தாழ் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் நடத்துகிறார்கள், ஒரே ஒரு குறுகிய படி, அந்தப் படியை ஒட்டியே அடுப்பும் சிலிண்டரும் இருக்கின்றன என்றால், என்ன சான்று இருந்தாலும் விடாதீர்கள்.

சான்றுக்கு அப்புறம் ஆள் கணக்கு. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2018-இல் காப்பகங்களுக்குக் குறைந்தபட்ச வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். ஒரு குழந்தைக்குக் குறைந்தது 10 முதல் 12 சதுர அடி இடம். வேலையிடங்களில் அமையும் காப்பகங்களை மனத்தில் வைத்து எழுதியவை இவை. என்றாலும் எங்கே போனாலும் உங்கள் கையில் ஓர் அளவுகோலாக இருக்கட்டும். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறை 168 சதுர அடி. அதில் பதினான்கு குழந்தைகளுக்கு மேல் படுக்க வைத்தால் நெரிசல்தான். 14 மாதக் குழந்தைக்குப் பத்துக்கு இரண்டு பேர் என்பதே என்னைப் பொறுத்தவரை குறைவு. அதற்கும் கீழே போகிற இடத்தைத் தொடவே வேண்டாம்.

எண்ணிக்கையை அவர்கள் சொல்லக் கேட்காமல் நீங்களே எண்ணுங்கள். காலை பத்து மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். பகல் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு, சொல்லாமல் போங்கள். சாப்பாடும் தூக்கமும் ஒன்றாக வரும் நேரம் அது. கை பற்றாத இடத்தில் அப்போதுதான் தெரியும். என் பேத்திக்காக ஒரு காப்பகத்தைப் பார்க்கப் போனபோது, டயப்பர் மாற்றிய நேரம் எழுதும் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு குழந்தை பெயருக்கும் எதிரே 10.30, 1.00, 3.30, 5.00 என்று ஒரே பேனாவில் வரிசையாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தது. நான் நின்றுகொண்டிருந்த நேரம் பகல் 12.10. ஓரத்தில் ஒரு பையன் நனைந்த டயப்பரோடு உட்கார்ந்திருந்தான். அவன் அழவில்லை. அழுது பார்த்து விட்டுவிட்ட பிள்ளை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த இடத்தில் எட்டு கேமராக்கள் இருந்தன.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு எத்தனை நாள் இருக்கும், பெற்றோர் கேட்டால் காட்டுவார்களா என்று கேளுங்கள். பணியாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்ததா என்றும் கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரை உள்ளே விடாமல் வாசலிலேயே குழந்தையை வாங்கி வாசலிலேயே கொடுக்கிற இடம் எனக்கு ஒருபோதும் சரிப்படாது.

இனி பணம். தில்லை நகரில் உங்களிடம் சொன்னது 7,000. அட்மிஷன் 12,000-ஐ ஓராண்டுக்குப் பிரித்தால் மாதம் 1,000. நீங்கள் வருவதோ 6.30-க்கு. மாதம் 25 வேலை நாள் என்றால் தாமதக் கட்டணமே 2,500. ஆக அது 10,500 ரூபாய் இடம். நேரத்தைப் பேசி 6.30 வரை ஒரே கட்டணம் என்று எழுதி வாங்க முடிந்தால் மட்டும் அதைக் கணக்கில் வையுங்கள்.

தெரு அக்காவிடம் 4,000. ஆறு குழந்தைக்கு ஒருவர், அது மேலே சொன்ன கணக்குக்கும் கீழே. தாள் இல்லை என்பதற்காக அவரை ஒதுக்கிவிட மாட்டேன், தாள் இல்லாததை மறந்துவிடவும் மாட்டேன். அவருக்குக் காய்ச்சல் வந்தால், அவர் வீட்டில் ஒரு விசேஷம் என்றால், அன்று நீங்கள் லீவு. அந்தச் சம்பள இழப்பும் கட்டணத்தில்தான் சேரும். அவர் வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்து போகிறார்கள், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால் மற்ற ஐந்தையும் யார் பார்ப்பார் என்று உட்கார்ந்து பேசுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல், யோசித்துப் பதில் சொன்னால் நல்ல அடையாளம். இரண்டாவது ஆள் ஒருவரை வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு சரியாகும். அதற்குச் சம்மதித்தால், மாதம் ஆயிரம் கூடக் கொடுப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் இந்தப் பேச்சைத்தான் தொடங்குவேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் உண்டு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் பகுதியில் ஒன்று இருக்கிறதா என்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றாலும், மகளுக்கு இரண்டு வயது முடிந்ததும் சாதாரண அங்கன்வாடியில் சேர்க்கலாம். கட்டணம் கிடையாது, மதியச் சோறும் முட்டையும் உண்டு. உங்கள் வேலை நேரம் முழுவதற்கும் அது போதாது. மாலைக்கு மட்டும் அந்த அக்கா என்று வைத்துக்கொண்டால் செலவு குறையும். அங்கன்வாடி என்றால் இல்லாதவர்களுக்கு என்று நினைத்து வாசல்படி ஏறாதவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் போய்ப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் மனைவி வேலை செய்யும் நிறுவனத்தில் 70 பேர் இருக்கிறார்கள், பெண்கள் 11 பேர்தான். ‘50 பெண்கள் இருந்தால்தான் குழந்தைகள் காப்பகம்’ என்கிறார் மனிதவள மேலாளர். உண்மையா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ‘50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள்’ என்றுதான் சொன்னது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. 70 பேர் இருக்கும் இடம் உள்ளே வருகிறது. நிறுவனம் தனியாக நடத்தலாம், அக்கம்பக்க நிறுவனங்களோடு சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். ஓய்வு நேரத்தையும் சேர்த்துத் தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். இந்தச் சலுகைகளை வேலையில் சேரும்போதே பெண்ணுக்கு எழுத்தில் தெரிவிப்பதும் மகப்பேறு நலச் சட்டத்தில் நிறுவனத்தின் கடமையாக இருந்தது.

தனியாகக் கேட்டால் உங்கள் மனைவியை மட்டும் குறிவைப்பார்கள் என்ற பயம் இருக்கலாம். அதனால் சிறு குழந்தை உள்ள ஆண் ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதமாக, மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை. பக்கத்திலுள்ள ஒரு நல்ல காப்பகத்தோடு நிறுவனம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும் என்று கடிதத்திலேயே யோசனை சொல்லிவிட்டால், இடம் இல்லை என்ற பதிலுக்கு வழியிருக்காது.

கேள்வி: மகனை ஒரு டே கேரில் சேர்த்து 15,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். ஒன்பதாம் நாள் தொடையில் கிள்ளிய தடம். காரணம் கேட்டால் மழுப்பினார்கள், நிறுத்திவிட்டோம். பணம் திரும்பக் கிடையாது என்று விண்ணப்பத்தில் அச்சிட்டிருக்கிறதாம். (வாசகி, ஈரோடு)

பதில்: முதலில் பிள்ளை. தடத்தைத் தேதியோடு படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். 1098 குழந்தை உதவி எண்ணில் சொல்லுங்கள். அங்கே இன்னும் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள், தாமதித்தால் அது இருக்காது.

பணத்துக்கு: ‘திரும்பக் கிடையாது’ என்று அச்சிட்டுவிட்டால் சேவைக் குறைபாட்டுக்குப் பொறுப்பு போய்விடாது. 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகார் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘பள்ளிக் கட்டணம்’ என்றிருந்தால், கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதம் நீண்டகாலமாக நீதிமன்றங்களில் இழுபடுகிறது. ‘பராமரிப்புக் கட்டணம்’, ‘டே கேர்’ என்றிருந்தால் உங்கள் பக்கம் பலம். ரசீதே தரவில்லையென்றால் அதையும் புகாரில் தனியாக எழுதுங்கள். பில் கொடுக்க மறுப்பது 2019 சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்தப் பதிவையும், சேர்க்கும்போது வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய கட்டண விவரத்தையும் அச்செடுத்து இணையுங்கள்.