ரேட் லா, ஆர்டர், அரை ஆயுள்: வந்த கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ரேட் லா பத்திதான். வினையோட வேகம் செறிவைப் பொறுத்து எப்படி மாறுதுன்னு சொல்ற சூத்திரம் அது: ரேட் கான்ஸ்டன்ட்ங்கற மாறிலியை செறிவோட அடுக்கால (பவர்) பெருக்கணும். அந்த அடுக்குதான் ஆர்டர், ஒண்ணுக்கு மேல பொருள் இருந்தா எல்லா அடுக்கையும் கூட்டினது மொத்த ஆர்டர். ஒரே சந்தேகத்தை நாலஞ்சு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: ரேட் கான்ஸ்டன்ட்டுக்கு யூனிட் எப்பவும் ‘பர் செகண்ட்’ தானே சார்?

ஃபர்ஸ்ட் ஆர்டருக்கு மட்டும்தான். ஜீரோ ஆர்டர்னா மோல் பர் லிட்டர் பர் செகண்ட், செகண்ட் ஆர்டர்னா லிட்டர் பர் மோல் பர் செகண்ட். கணக்குல யூனிட் கொடுத்திருந்தா ஆர்டரையே கையில கொடுத்த மாதிரி, ஆனா அதைப் பார்க்காம பக்கம் பக்கமா போட்டுட்டு இருக்காங்க. யூனிட் பாருங்க, யூனிட் எழுதுங்க.

கேள்வி: ஹைட்ரஜன் ஒண்ணு, புரோமின் ஒண்ணு சேர்ந்து ரெண்டு ஹைட்ரஜன் புரோமைடு. அப்போ ஆர்டர் 2 தானே? ஆன்சர் கீ தப்பா?

கீ சரியாதான் இருக்கு. இதே தப்போட அஞ்சு பேர் எழுதியிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சமன்பாடுங்கறது வரவு செலவுக் கணக்கு, எவ்வளவு போச்சு எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லும், எந்த வழியா போச்சுன்னு சொல்லாது. ரேட் லா அந்த வழியைப் பொறுத்தது, அதை அளந்துதான் தெரிஞ்சுக்கணும். ஜெர்மன் வேதியியலாளர் போடன்ஸ்டைன் 1890கள்ல ஹைட்ரஜனையும் அயோடினையும் கண்ணாடிக் குடுவையில அடைச்சு சூடாக்கி அளந்தார், ரேட் ரெண்டோட செறிவுக்கும் நேர் விகிதமா வந்துச்சு, ஆர்டர் 2. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு அவரும் லிண்டும் சேர்ந்து புரோமினை எடுத்தாங்க. அதே மாதிரி சமன்பாடு, அயோடின் இருந்த இடத்துல புரோமின், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா வந்தது என்ன? ஹைட்ரஜனுக்கு 1, புரோமினுக்கு அரை, அதுவும் ஆரம்பத்துல மட்டும், ஹைட்ரஜன் புரோமைடு சேரச் சேர அதுவே வேகத்தைக் குறைக்குது. புரோமின் ரெண்டு அணுவா உடைஞ்சு சங்கிலி மாதிரி வினை ஓடுறதாலதான் அந்த அரை வருதுன்னு விளக்கம் கிடைக்கவே 1919-20 ஆயிடுச்சு. சமன்பாட்டை நூறு தடவை உத்துப் பார்த்தாலும் அந்த அரை அதுல இருந்து வராது.

அயோடின் கதையும் அங்கேயே முடியல. ஆர்டர் 2 பொருந்திச்சுங்கறதுக்காக ரெண்டு மூலக்கூறும் நேரா மோதி ஒரே படியில முடியுதுன்னு ரொம்ப காலம் பாடம் நடந்துச்சு, 1967ல சல்லிவன்னு ஒரு வேதியியலாளர் ஒளியால அயோடின் அணுக்களை உண்டாக்கி அளந்து, அணுக்கள் வழியாத்தான் போகுதுன்னு காட்டினார். ரேட் லா பொருந்தினாலே வழி நிரூபணம் ஆயிடாது.

எனக்கு வருத்தம் என்னன்னா, ‘கோஎஃபிஷியன்டை (சமன்பாட்டுல பொருளுக்கு முன்னாடி நிக்கற எண்) தூக்கி பவர்ல போடு’ன்னு அச்சடிச்ச நோட்ஸே கையில வெச்சிருக்காங்க பசங்க. ஈக்விலிப்ரியம் (சமநிலை) கான்ஸ்டன்ட்டுக்கு அது சரி, ஒரே படியில முடியற எலிமென்டரி வினைக்கும் சரி, மத்த எதுக்கும் இல்ல. ஈக்விலிப்ரியம் படிச்ச பழக்கத்தை அப்படியே இங்க கொண்டு வர்றதுதான் குழப்பத்துக்கு வேர். டைநைட்ரஜன் பென்டாக்சைடு சிதைவுல கோஎஃபிஷியன்ட் 2, ஆர்டர் 1. நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் 200 டிகிரி வாக்குல வினைபுரியறப்போ கார்பன் மோனாக்சைடுக்கு ஆர்டர் ஜீரோ, சமன்பாட்டுல அது இல்லாம வினையே கிடையாது, ஆனா வேகத்துல அதுக்குப் பங்கே இல்ல. இதை மட்டும் மனசுல பதிய வெச்சுக்கோங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: கேட்டலிஸ்ட் போட்டா விளைபொருள் அதிகமா கிடைக்குமா?

கிடைக்காது. கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, அதே சமநிலைக்கு சீக்கிரமா கொண்டு போய் விடும், அவ்வளவுதான். முன்னாடி போறதையும் பின்னாடி வர்றதையும் ஒரே மடங்குல வேகப்படுத்தும்.

கேள்வி: 10 டிகிரி ஏறினா வேகம் ரெட்டிப்பாகும்னு படிச்சோம். இது விதியா?

விதி இல்ல, தோராயம். கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) ஒரு மோலுக்கு 50 கிலோஜூல் பக்கம் இருந்து, அறை வெப்பநிலையில இருந்தா ரெட்டிப்பு. 100 இருந்தா கிட்டத்தட்ட நாலு மடங்கு, 25 இருந்தா ஒண்ணரை மடங்குகூட வராது. சூடாக்கினா மெதுவாகிற வினையும் இருக்கு, நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோட சேர்ந்து நைட்ரஜன் டைஆக்சைடு ஆகறது அப்படித்தான், அதனாலதான் நைட்ரிக் அமில ஆலையில வாயுவைக் குளிர வெச்சு அனுப்பறாங்க.

கேள்வி: கிளர்வு ஆற்றல் கணக்குல எனக்கு வெறும் அரை கிலோஜூல் வருது. 25 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் போட்டேன்.

செல்சியஸ்ல போட்டிருக்கீங்க. 298, 308 போட்டுப் பாருங்க, 50க்கு மேல வரும். வித்தியாசம் நூறு மடங்கு! வெப்பநிலைன்னா கெல்வின், இதை எத்தனையாவது தடவை எழுதறேன்னு தெரியல.

கேள்வி: தயோசல்பேட் பிராக்டிகல்ல அமிலத்தை ரெட்டிப்பாக்கினேன், பேப்பர்ல போட்ட எக்ஸ் குறி மறையற நேரம் மாறவே இல்ல. நான் தப்பா செஞ்சேனா?

இல்லம்மா, சரியாதான் செஞ்சிருக்கே. அமிலம் பட்டு தயோசல்பேட்ல இருந்து கந்தகம் பிரிஞ்சு கலங்கறதாலதான் எக்ஸ் மறையுது. அமிலம் போதுமான அளவு இருந்தா அதோட ஆர்டர் கிட்டத்தட்ட ஜீரோ, தயோசல்பேட்டுக்கு 1. வந்ததை வந்தபடி எழுதினதுக்கு உன்னைப் பாராட்டணும், போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து நேரத்தை எழுதற பசங்களைத்தான் நான் நிறைய பார்த்திருக்கேன், அவங்களுக்கு இந்த ஜீரோ கண்ணுலயே படாது. ரெண்டு விஷயம் கவனி. மொத்த அளவு எல்லா தடவையும் ஒண்ணா இருக்கணும், தண்ணி விட்டு சரிக்கட்டு, இல்லன்னா திரவத்தோட உயரம் மாறி எக்ஸ் மறையற நேரமும் மாறிடும். அப்புறம் ஜன்னலைத் திறந்து வை, வர்றது சல்ஃபர் டைஆக்சைடு.

கேள்வி: குழந்தையோட ஆன்டிபயாட்டிக் ட்ரை சிரப், பவுடரா இருக்கறப்போ எக்ஸ்பைரி அடுத்த வருஷம்னு இருக்கு, தண்ணி கலந்ததும் சில நாள்தான்கறாங்க. ஏன்?

நல்ல கேள்வி, ரசாயனம் படிக்காத ஒரு அம்மா கேட்டது. அமாக்சிசிலின் மாதிரி மருந்துகளைத் தண்ணியே உடைக்கும், பவுடர்ல தண்ணி இல்ல, அதனால மெதுவா போகுது. கலந்த பிறகு உடையற வினை ஓட ஆரம்பிச்சிடும். பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்லியிருந்தா அதுக்குக் காரணமும் ரேட்தான், குளிர்ல உடையறது மெதுவாகும், ஆனா நிக்காது. பாட்டில்ல போட்டிருக்கற நாள் முடிஞ்சா மிச்சத்தைக் கொட்டிடுங்க, அடுத்த காய்ச்சலுக்குன்னு வைக்காதீங்க.

கேள்வி: ஃபர்ஸ்ட் ஆர்டர் வினை எப்போ முழுசா முடியும்?

கணக்குப்படி முடியவே முடியாது. பத்து அரை ஆயுள் (செறிவு பாதியாக ஆகற நேரம்) போனா ஆயிரத்துல ஒரு பங்குதான் மிச்சம், முடிஞ்சதுன்னே வெச்சுக்கலாம். 90 சதவீதம் முடிய மூணேகாலுக்கும் மூணரைக்கும் நடுவுல அரை ஆயுள் ஆகும்.

கேள்வி: (ஒரு ஃபோட்டோ மட்டும்) சார் ஆர்டர் என்ன?

டேபிள்ல நேரம் நிமிஷமா செகண்டா தெரியல, செறிவுக்கு யூனிட் இல்ல, வெப்பநிலை எங்கயும் இல்ல, கடைசி வரி விரலுக்குப் பின்னாடி. தெரியற மூணு வரியில செறிவு பாதியாக ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம் ஆகுது, அப்போ ஃபர்ஸ்ட் ஆர்டர் மாதிரி இருக்கு. மூணு வரியை வெச்சு இதுக்கு மேல சொல்ல மாட்டேன், முழு டேபிளை யூனிட்டோட அனுப்புங்க.

கேள்வி: ஃபர்ஸ்ட் ஆர்டர் சூத்திரத்துல 2.303 எங்க இருந்து வருது?

10-ஓட இயற்கை மடக்கை. லாக் டேபிள் காலத்துப் பழக்கம், கால்குலேட்டர்ல நேச்சுரல் லாக் இருந்தா அது வேண்டாம்.