கொள்ளுத் தண்ணீரும் கொல்லிமலைக் கிழங்கும் – கடிதம்

வணக்கம் சார்,

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து கறியை விட்டுவிட்டேன். அதில் பெரிய வருத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப்பு மட்டும்தான் ஏக்கம். அதற்குப் பதிலாக தினமும் சாயங்காலம் நானே காய்கறி சூப் வைக்கிறேன். கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டு, சோளமாவு கரைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவுவேன். எண்ணெய் சொட்டுகூட விடுவதில்லை. வீட்டில் யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். எனக்கே கஷாயம் குடிக்கிற மாதிரி இருக்கிறது. பாக்கெட் சூப் என்றால் பிள்ளைகள் குடிக்கிறார்கள். நண்பர் ஒருவர் கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டுக்கால் சூப்பேதான், முழங்கால் வலியும் ஓடிவிடும் என்கிறார். நம்பலாமா? எந்தக் காயில் சூப் வைத்தால் சத்து அதிகம்?

வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கஷாயம் காய்ச்சுகிற நினைப்போடு அடுப்பைப் பற்றவைத்தால் கஷாயம்தான் வரும். உங்கள் கடிதத்தில் சத்து இருக்கிறது, கொலஸ்ட்ரால் இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. சமையலைத்தான் காணோம். சூப்பும் ஒரு சமையல். சாம்பாருக்குத் தாளிக்காமல் விடுவீர்களா?

முதலில் கோஸை வெளியே எடுங்கள். பொரியலுக்கு அருமையான காய்தான். ஆனால் நீண்ட நேரம் வெந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் உடைந்து ஒரு நாற்றம் வரும். குக்கர் மூடியைத் திறந்ததும் வீட்டார் முகம் சுளிப்பது அதற்காகத்தான் இருக்கும். காலிஃபிளவர், நூக்கல், முள்ளங்கி எல்லாம் அந்தக் குடும்பம்தான். போட்டே ஆகவேண்டும் என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள்.

அடுத்தது எண்ணெய். நாலு பேருக்கு வைக்கிற சூப்பில் ஒன்றரை ஸ்பூன் கடலை எண்ணெய் விடுவதால் உங்கள் ரத்தத்தில் எதுவும் தலைகீழாகிவிடாது. கேரட்டின் நிறமிச் சத்தும் தக்காளியின் லைகோபீனும் உடம்பில் சேர்வதற்கே கொஞ்சம் எண்ணெய் வேண்டும். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பை அப்போதே சேர்த்து, சிறு தீயில் வதக்குங்கள். அவசரப்படக் கூடாது. வெங்காயம் நீர் விட்டு, சுண்டி, பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்ட ஆரம்பிக்கும். அங்கே ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டால் அந்தப் பழுப்பு முழுக்கச் சூப்புக்குள் வந்துவிடும். பிறகு தக்காளியைப் போட்டு, பச்சை வாசம் போய் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். ருசியில் பாதிக்குமேல் இங்கேயே முடிந்துவிடுகிறது. மற்ற காய்கள் பிறகு வந்து சேரட்டும். அரை மணி நேரம் கொதித்தால் போதும். காய்க்கு எலும்பைப்போல மணிக்கணக்கில் கொதிக்கவேண்டிய தேவை கிடையாது.

ஆட்டுக்கால் சூப்பில் உங்கள் நாக்கு தேடுவது இரண்டு சங்கதி. ஒன்று, கறிக்குரிய அந்த ஆழமான ருசி. 1908இல் டோக்கியோவில் கிகுனே இக்கேடா என்ற வேதியியலாளர் ஜப்பானியர் கொம்பு என்று சொல்கிற கடற்பாசியைக் காய்ச்சி, அதிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, இந்த ருசி இதனால்தான் என்று காட்டினார். கவனியுங்கள், ஆட்டிலிருந்து அல்ல, பாசியிலிருந்து. பழுத்த தக்காளியிலும் காளானிலும் அது தாராளமாக உண்டு. சந்தையில் கிடைக்கும் பட்டன் காளானை மெல்லிசாக நறுக்கி, தனி வாணலியில், விட்ட நீர் முழுக்க வற்றி ஓரம் சிவக்கும்வரை விட்டுப் பிறகு சூப்பில் சேர்த்துப் பாருங்கள். வெள்ளையாக வேகவைத்த காளானுக்கும் இதற்கும் சம்பந்தமே இராது.

சில பாக்கெட் சூப்புகளில் இதே குளுட்டமேட்டைத் தூளாகச் சேர்ப்பதுண்டு. அதற்காக நான் அலறமாட்டேன். என் கவலை உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் பின்னால் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். அந்தக் கணக்கு ஒரு குவளைக்கா, நூறு கிராம் தூளுக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சங்கதி, உதட்டில் ஒட்டுகிற பிசுபிசுப்பு. அது எலும்பையும் தசைநாரையும் கொதிக்கவைத்தால் வருகிற ஜெலட்டின். எந்தக் காயிலும் கிடைக்காது, அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பதிலாகச் சோளமாவு கரைக்கிறீர்கள். கெட்டியாகிறது, சரி. வாயில் என்ன மிஞ்சுகிறது?

திருப்பூரில் இருந்துகொண்டு சோளமாவு கரைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொள்ளு விளைகிற சீமை அல்லவா அது! கொள்ளை வேகவைத்து, தண்ணீரை இறுத்து ரசம் வைத்து, கொள்ளைக் கடைந்து பருப்பாக்கிச் சோற்றில் பிசைவது கொங்கு வீடுகளின் வழக்கம். சூப்புக்கு அதையே கொஞ்சம் மாற்றினால் போதும். இரண்டு கைப்பிடி கொள்ளைக் கல் பார்த்து, கழுவி, ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் குக்கரில் நசுங்கும் பதத்துக்கு வேகவையுங்கள். செம்பழுப்பில் தண்ணீர் நிற்கும். அதை இறுத்துக்கொண்டு, வெந்த கொள்ளில் பாதியை மையாக அரைத்து அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள். மீதிக் கொள்ளு பருப்புக்கோ துவையலுக்கோ ஆகும். சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் முன் சொன்னபடி வதக்கி, சீரகம், மிளகு, பூண்டு மூன்றையும் அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, வாசம் எழும்பியதும் இந்தக் கரைசலை ஊற்றுங்கள். ஒரு கொதி வந்து நுரை கட்டியதும் இறக்கி, கொத்தமல்லித் தழை தூவி, எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசந்துவிடும், வைட்டமின் சியும் குறையும்.

வடிகட்டாதீர்கள். டாக்டர் சொன்ன விஷயத்துக்கு உதவுவது இறுத்துவிட்டு வீசுகிற சக்கையில்தான் இருக்கிறது. பயறு, பருப்பு, ஓட்ஸ் இவற்றிலுள்ள கரையும் நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. போனதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகப் பித்த அமிலம் செய்கிறது. இதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். வெறும் காய் சூப்பில் புரதமும் பெயருக்குத்தான். நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. கொள்ளு சூடு என்று வீட்டில் சொன்னால் பாசிப்பருப்பில் வையுங்கள்.

கிழங்கு விஷயம். முடவாட்டுக்கால் என்பது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு. மேலே பழுப்பு ரோமம் அடர்ந்து பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டிச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துக் காய்ச்சுகிறார்கள். ஆட்டுக்கால் சூப்பின் மசாலாவே இதற்கும் என்பதால் நாக்கு ஏமாறுகிறது. பூங்கா வாசலில் ஏழெட்டுப் பாத்திரம் வைத்து விற்கிறார்களே மூலிகை சூப், அதில் முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் கண்ணை மூடிக் குடித்தால் ஒன்றுபோலத் தெரிவதும் இதனால்தான். காலைப்போல இருக்கிறது, ஆகவே காலுக்கு நல்லது என்பதை மருத்துவமாக நான் ஏற்கமாட்டேன். வந்த கிழங்கை வீணாக்காமல் சூடாகக் குடியுங்கள். முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி வாங்கிவரச் சொல்ல வேண்டாம். காட்டில் தானாக வளர்வதைப் பெயர்த்துத்தான் விற்கிறார்கள்.

எந்தக் காயில் சத்து அதிகம் என்று தேடி ஒன்றையே பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்த வாரம் மலிவாகக் கிடைப்பது எதுவோ அது. பிள்ளைகளுக்குக் காயை அரைத்து மழமழவென்று கொடுத்தால் இறங்கும். ஆறவைத்து அரையுங்கள். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றினால் ஆவி மூடியைத் தூக்கியடித்துக் கையைப் பதம் பார்த்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காய் வேகும்போது அதிலுள்ள பொட்டாசியம் தண்ணீரில் இறங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சிலருக்கு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடச் சொல்வார்கள். சூப் என்பதே அந்தத் தண்ணீர்தான். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், ஊற்றிக் கொடுப்பதற்குமுன் அவர்களுடைய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.